ஹைதராபாத்தில் மார்பகம், ஐசாலில் இரைப்பை: ஊருக்கு ஊர் புற்றுநோய் மாறுவது ஏன்?

பேகம்பேட் (ஹைதராபாத்): ஒரே நாட்டில் வாழும் மக்களிடையே புற்றுநோய் பாதிப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு வேறுபடுகிறது என்கின்றன இந்தியப் புற்றுநோய்ப் பதிவகங்களின் தரவுகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-இல் வெளியிட்ட தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்ட அறிக்கையின்படி, மிசோரம் தலைநகர் ஐசாலில் லட்சம் ஆண்களுக்கு 269.4 பேர் என்ற விகிதத்தில் ஆண்டுதோறும் புற்றுநோய் பதிவானது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் அதே விகிதம் 39.5 மட்டுமே.

ஹைதராபாத் மாவட்டம் இந்த அறிக்கையில் மற்றொரு காரணத்துக்காகக் கவனம் பெற்றது. நாட்டில் மார்பகப் புற்றுநோய் விகிதம் மிக அதிகமாகப் பதிவானது இங்குதான். லட்சம் பெண்களுக்கு 48 பேர் என்ற இந்த விகிதம் சென்னை, பெங்களூரு, டெல்லி ஆகிய பெருநகரங்களின் விகிதத்தையும் விஞ்சியது.

பேகம்பேட் பகுதி நோய்களுக்கான காரணத்தைத் தேடும் வரலாற்றில் முன்பே இடம்பெற்ற ஊர். பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று இங்குள்ள ஆய்வுக்கூடத்தில்தான் கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். அந்தக் கண்டுபிடிப்பு அவருக்கு 1902-இல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று அவரால் சுட்டிக்காட்ட முடிந்தது. புற்றுநோய்க்கு அவ்வாறு ஒற்றைக் காரணம் இல்லை. ஆயினும் மக்கள் எதை மெல்லுகிறார்கள், எதைப் புகைக்கிறார்கள், என்ன உண்கிறார்கள், எப்போது பிள்ளை பெறுகிறார்கள், எவ்வளவு நடக்கிறார்கள் என்பவை எந்த ஊரில் எந்தப் புற்றுநோய் மிகும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கின்றன.

உலக அளவில் நிலை என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 2 கோடி பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 97 லட்சம் பேர் உயிரிழந்தனர். நுரையீரல் புற்றுநோய் ஏறத்தாழ 25 லட்சம் பேரைத் தாக்கி முதலிடம் பிடித்தது. மார்பகப் புற்றுநோய் 23 லட்சம் பேருடன் அடுத்த இடத்தில் இருந்தது. இந்தியாவில் அதே ஆண்டில் புதிதாக நோய் கண்டறியப்பட்டோர் சுமார் 14.1 லட்சம் பேர். இறந்தோர் சுமார் 9.1 லட்சம் பேர்.

இன்றைய அறிவைக் கொண்டே 30 முதல் 50 விழுக்காடு புற்றுநோய்களைத் தடுத்துவிட முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. 2019-ஆம் ஆண்டு நிகழ்ந்த புற்றுநோய் இறப்புகளில் 44.4 விழுக்காடு தவிர்க்கக்கூடிய காரணிகளால் விளைந்தவை என்று உலக நோய்ச் சுமை ஆய்வு கணக்கிட்டது. அக்காரணிகளில் புகைபிடித்தல் முதலிடத்திலும், மது, அதிக உடல் எடை ஆகியவை அதற்கு அடுத்தும் நின்றன.

விகிதம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். ஆகவே முதியோர் மிகுந்த ஜப்பானையும் இளைஞர் மிகுந்த இந்தியாவையும் நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒப்பிட இயலாது. இரு நாட்டு மக்களின் வயது அமைப்பும் ஒன்றே என வைத்துக் கணக்கிடும் முறையே வயது சரிசெய்யப்பட்ட விகிதம் எனப்படுகிறது. இக்கட்டுரையில் இடம்பெறும் இந்திய மாவட்டங்களின் விகிதங்கள் யாவும் அம்முறையில் கணக்கிடப்பட்டவை.

இத்தகைய கணக்கிற்கு அடிப்படை மக்கள்தொகைப் புற்றுநோய்ப் பதிவகம். ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழ்வோரில் யாருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது என்பதை மருத்துவமனைகள், ஆய்வுக்கூடங்கள், இறப்புப் பதிவேடுகள் ஆகியவற்றிலிருந்து அது திரட்டுகிறது. இந்தியாவின் முதல் பதிவகம் 1963-இல் மும்பையில் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் தேசியத் திட்டமாக இதனை விரிவுபடுத்தியபோது, சென்னையில் அப்பணியை அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஏற்றது. ஹைதராபாத்தின் பதிவகம், பேகம்பேட்டுக்கு அருகே பஞ்சாகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் இயங்குகிறது.

பதிவக எண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மருத்துவ வசதி மிகுந்த நகரில் நோய் அதிகமாகக் கண்டறியப்படும். வசதி குன்றிய மாவட்டத்தில் நோய் கண்டறியப்படாமலே சிலர் இறந்துபோகக் கூடும். எனவே ஏழு மடங்கு வேறுபாடு முழுவதையும் பழக்கங்களின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும் எந்த உறுப்பில் புற்றுநோய் மிகுகிறது என்பது ஊருக்கு ஊர் மாறுவதைக் கண்டறியும் வசதி ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது.

ஒரே நகரம், வேறு வாழ்க்கை

பழக்கத்தின் பங்கை அறிய, ஒரே ஊரில் வெவ்வேறு விதமாக வாழும் சமூகங்களை ஒப்பிடுவது ஒரு வழி. மும்பைப் பதிவகத்தின் தரவுகளைக் கொண்டு மருத்துவர் டி.ஜே. ஜுஸ்ஸாவாலாவும் அவருடைய குழுவினரும் பார்சி சமூகத்தினரைப் பற்றி நடத்திய ஆய்வுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. நெருப்பைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் சமய மரபின்படி புகைபிடிப்பதைத் தவிர்ப்பவர்கள். மும்பையின் பிற சமூகத்தினரைக் காட்டிலும் அவர்களிடையே புகையிலை சார்ந்த புற்றுநோய்கள் குறைவாக இருந்தன. அதே வேளையில், தாமதமாக மணம் புரிந்து, குறைவான குழந்தைகளைப் பெற்ற பார்சிப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகமாகவும், கருப்பை வாய்ப் புற்றுநோய் குறைவாகவும் காணப்பட்டது.

இடம்பெயர்ந்தோரின் அனுபவம் மற்றொரு சான்று. ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் மிகுதி; மார்பகப் புற்றுநோயும் பெருங்குடல் புற்றுநோயும் ஒரு காலத்தில் அங்குக் குறைவாகவே இருந்தன. அங்கிருந்து ஹவாய்த் தீவுகளுக்குக் குடியேறியவர்களின் சந்ததியினரிடையே இரைப்பைப் புற்றுநோய் குறைந்தது; பெருங்குடல், மார்பகப் புற்றுநோய்கள் அமெரிக்க விகிதத்தை நோக்கி உயர்ந்தன. மரபணு மாறவில்லை, உணவும் வாழ்க்கை முறையும் மாறின.

தமிழர்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு மலேசியாவில் உள்ளது. அந்நாட்டின் மூன்று பெரிய இனத்தவரில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, அதிலும் குறிப்பாகப் பெண்களிடையே மிகுதியாகப் பதிவாகி வந்துள்ளது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் வேரூன்றிய வெற்றிலை பாக்குப் பழக்கத்தை ஆய்வாளர்கள் இதற்கு முதன்மைக் காரணமாகக் காட்டுகின்றனர். இலங்கையிலும் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. அங்கும் புகையிலை சேர்த்த வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் பரவலாக உள்ளது.

புகையிலை: முதல் எதிரி

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் ஏற்படும் புற்றுநோய்களில் 27.1 விழுக்காடு, அதாவது சுமார் 3.7 லட்சம் நோயாளிகள், புகையிலை சார்ந்த உறுப்புகளில் பாதிக்கப்படுவர் எனத் தேசியப் புற்றுநோய்ப் பதிவு அறிக்கை மதிப்பிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, நுரையீரல், உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மேலை நாடுகளில் புகையிலை என்றால் சிகரெட். இந்தியாவில் நிலைமை வேறு. 2016-17-இல் நடைபெற்ற உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்போர் 10.7 விழுக்காடு மட்டுமே. கைனி, குட்கா, ஜர்தா, புகையிலை சேர்த்த வெற்றிலை என வாயில் வைப்போர் 21.4 விழுக்காடு. உலகில் வாய்ப் புற்றுநோய் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இந்தியா இருப்பதற்கு இந்த வேறுபாடே விளக்கம். 2022-இல் உலகில் ஏற்பட்ட 3,89,800 வாய்ப் புற்றுநோய்களில் 1,20,200 புகையற்ற புகையிலையாலும் பாக்காலும் விளைந்தவை என்றும், அவற்றுள் 83,400 இந்தியாவில் நேர்ந்தவை என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கணக்கிட்டுள்ளது.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு தீங்கற்றது என்ற நம்பிக்கை தமிழகத்திலும் தெலங்கானாவிலும் பரவலாக உள்ளது. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பாக்கும், புகையிலை கலவாத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று அம்முகமை 2000-களின் தொடக்கத்திலேயே வகைப்படுத்திவிட்டது. பாக்கு, வாயின் உட்தசையைக் கெட்டிப்படுத்தி வாயைத் திறக்க முடியாமல் செய்யும் நாரிழைப் பாதிப்புக்கும் காரணமாகிறது. அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

பழக்கம் சிறிது மாறினாலும் நோய் தாக்கும் இடம் மாறும் என்பதற்கு ஆந்திரத்தின் வடகடலோர மாவட்டங்கள் சான்று. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பகுதிகளில் நாட்டுச் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, நெடுங்காலமாக இருந்து வந்தது. சாதாரணமாக வாய்ப் புற்றுநோய் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் தோன்றும். இவர்களுக்கோ மேலண்ணத்தில் தோன்றியது. வெப்பமும் புகையும் நேராகத் தாக்கும் இடம் அதுவே.

இவ்வழக்கத்தை மாற்ற முடியுமா என்ற கேள்விக்கும் இதே மாவட்டம் விடை தந்தது. கேரளத்தின் எர்ணாகுளம், குஜராத்தின் பாவ்நகர், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்தும் 36,000 பேரிடம் ஆண்டுதோறும் நேரில் சென்று வாயைப் பரிசோதித்து, பழக்கத்தை விடும்படி அறிவுறுத்தும் பணியை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் குழு மேற்கொண்டது. அதன் முடிவுகள் 1986-இல் வெளியாயின. அறிவுரை பெற்றவர்களில் பழக்கத்தை விட்டவர்கள் அதிகம். விட்டவர்களிடையே வாயில் தோன்றும் வெண்படலம் போன்ற முன்னோடிப் பாதிப்புகள் குறைந்தன.

ஐசாலின் இரைப்பை, மேகாலயத்தின் உணவுக்குழாய்

ஐசாலில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி மிசோரத்தில் ஆண்களில் 72.9 விழுக்காட்டினரும் பெண்களில் 61.6 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். புகையிலைப் புகையை நீரில் செலுத்தித் தயாரிக்கப்படும் 'துய்பூர்' என்ற நீரை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் அம்மாநிலத்தில் உள்ளது. புகையூட்டிய இறைச்சி, நொதிக்க வைத்த பன்றிக்கொழுப்பு, மிகுந்த உப்பு ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் இந்நோயுடன் தொடர்புபடுத்தியுள்ளனர். மேகாலயத்தின் கிழக்கு காசி மலை மாவட்டத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுதி. அங்கு விருந்தினரை வரவேற்பதே 'குவாய்' எனப்படும் ஈரப்பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்புடன்தான்.

ஒப்பிட்டுப் பார்த்தால், தெலங்கானாவில் புகையிலை பயன்படுத்தும் ஆண்கள் சுமார் 22 விழுக்காடு, பெண்கள் சுமார் 6 விழுக்காடு. தமிழகத்தில் அது முறையே சுமார் 20, 5 விழுக்காடு.

ஹைதராபாத்தில் மார்பகப் புற்றுநோய் ஏன் மிகுதி?

மார்பகப் புற்றுநோயின் வளர்ச்சியில் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இளம் வயதில் பூப்படைதல், தாமதமான மாதவிடாய் நிறுத்தம், தாமதமான முதல் பிரசவம், குறைவான பிரசவங்கள், குறைந்த காலம் பாலூட்டுதல் ஆகியவை ஒரு பெண்ணின் உடல் அந்த ஹார்மோன்களின் தாக்கத்துக்கு உள்ளாகும் காலத்தை நீட்டிக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜனுக்கு முதன்மை ஊற்றாகிறது. அதனால் அந்த வயதில் உடல் பருமன் ஆபத்தைக் கூட்டுகிறது.

30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2002-இல் வெளியான பகுப்பாய்வு இதனை எண்களில் காட்டியது. ஒவ்வொரு பிரசவமும் மார்பகப் புற்றுநோய் ஆபத்தை 7 விழுக்காடு குறைக்கிறது. அதனுடன் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதமும் மேலும் 4.3 விழுக்காடு குறைக்கிறது. செல்வ நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இடையே இந்நோயில் காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதியை இவ்விரண்டும் விளக்கிவிடுகின்றன.

தெலங்கானாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 குடும்ப நல ஆய்வு. அம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 30.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். தமிழகத்தில் அந்த அளவு 40.4 விழுக்காடு. மென்பொருள் அலுவலகங்கள், நீண்ட பணி நேரம், அமர்ந்தே செய்யும் வேலை, தாமதமான திருமணம் என ஹைதராபாத் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்ட மாற்றங்கள் யாவும் இந்நோய்க்குச் சாதகமான திசையிலேயே அமைந்தன.

சென்னையின் வரலாறும் இதையொட்டியதே. 1980-களின் தொடக்கத்தில் அந்நகரப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். பின்னர் அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு உயர்ந்தது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பெண்கள் படிப்பதும், வேலைக்குச் செல்வதும், தாம் விரும்பும் வயதில் தாயாவதும் தவறான பழக்கங்கள் அல்ல. அவற்றைத் தடுப்பது எந்த மருத்துவரின் அறிவுரையும் அல்ல. பிரசவத்துக்குப் பின் போதிய விடுப்பு, பணியிடத்தில் பாலூட்டும் வசதி, நடப்பதற்கேற்ற தெருக்கள், எளிதில் கிடைக்கும் பரிசோதனை ஆகியவையே இம்மாற்றத்துக்குத் தக்க பதில்.

மது: அளவாகக் குடித்தால் ஆபத்தில்லையா?

மது அருந்தும் ஆண்களின் விகிதத்தில் நாட்டிலேயே முன்னணியில் உள்ள மாநிலங்களுள் தெலங்கானாவும் ஒன்று. குடும்ப நல ஆய்வின்படி அங்கு 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 43.3 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர். பெண்களில் 6.7 விழுக்காடு. தமிழகத்தில் ஆண்களின் விகிதம் சுமார் 25 விழுக்காடு.

கள்ளானாலும் பீரானாலும் விஸ்கியானாலும் உடலுக்குள் செல்வது எத்தனால் என்ற ஒரே வேதிப்பொருள்தான். உடல் அதனை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது செல்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோய்க்கு மது காரணமாவது உறுதிப்பட்டுள்ளது. 2020-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 7.4 லட்சம் புற்றுநோய்கள் மதுவால் ஏற்பட்டன. புகையிலையும் மதுவும் சேரும்போது வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து இரண்டின் கூட்டுத்தொகையையும் தாண்டிப் பெருகுகிறது. பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

எடை, உணவு, உடல் உழைப்பு

உடற்கொழுப்பு மிகுதி 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டுவதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016-இல் முடிவு செய்தது. மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய், கருப்பை உட்சுவர், பெருங்குடல், சிறுநீரகம், கணையம், பித்தப்பை ஆகியவற்றின் புற்றுநோய்கள் அப்பட்டியலில் உள்ளன. பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் அம்முகமை சேர்த்தது.

இந்தியரின் பெருங்குடல் புற்றுநோய் விகிதம் மேலை நாடுகளை ஒப்பிட இன்னும் குறைவு. பருப்பு, காய்கறி, தானியம் சார்ந்த உணவு முறை அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அந்த உணவு முறை மாறி வருகிறது என்பதே கவலை. ஹைதராபாத் தார்நாக்காவில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட 17 உணவு வழிகாட்டு நெறிகள், உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த அதிபதப்படுத்திய உணவுகளைக் குறைக்க வலியுறுத்துகின்றன. இந்தியரில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 மதிப்பீடு கூறியது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி அந்நிறுவனத்தின் குறைந்தபட்சப் பரிந்துரை.

தொற்றால் வரும் புற்றுநோய்

2018-இல் உலகின் புற்றுநோய்களில் சுமார் 13 விழுக்காடு தொற்றுகளால் ஏற்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பையையும், எச்.பி.வி. வைரஸ் கருப்பை வாயையும், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கல்லீரலையும் தாக்குகின்றன. இவற்றில் தடுப்பூசியும் பரிசோதனையும் தனிநபர் பழக்கத்தைவிட வலிமையான ஆயுதங்கள். 1984-இல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய தைவானில் சிறாரிடையே கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. எச்.பி.வி.க்கு எதிராக இந்தியாவில் தயாரான செர்வாவாக் தடுப்பூசி 2022-இல் அனுமதி பெற்றது.

பரிசோதனையின் பயனை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவி, நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்து முன்னோடிப் பாதிப்பைக் கண்டறியும் எளிய முறையைச் செவிலியர்கள் கையாண்டனர். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்ததில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2005-இல் வெளியானது.

நோய் வருவது வேறு, இறப்பது வேறு

செல்வ நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். மனித வளர்ச்சியில் பின்தங்கிய நாடுகளில் 27 பேரில் ஒருவருக்கே அது கண்டறியப்படுகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட இந்த ஒப்பீடு, பழக்கங்கள் நோயின் அளவைத் தீர்மானித்தாலும் உயிர் பிழைப்பதைத் தீர்மானிப்பது காலத்தே கண்டறிதலும் சிகிச்சையுமே என்பதைக் காட்டுகிறது. 2010-14 காலத்தில் நோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் அமெரிக்காவில் 90 விழுக்காடு. இந்தியாவில் 66 விழுக்காடு.

இந்தியாவில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் மார்பகப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டோர் 0.9 விழுக்காடு, கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டோர் 1.9 விழுக்காடு என்கிறது 2019-21 குடும்ப நல ஆய்வு. தமிழகத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை 9.8 விழுக்காட்டை எட்டியிருந்தது. புற்றுநோய் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லாத ஹைதராபாத் போன்ற நகரிலும், கட்டியை உணர்ந்த பெண் மருத்துவமனை வாயிலை அடைய எடுத்துக்கொள்ளும் காலமே அவர் உயிரைத் தீர்மானிக்கிறது.

யாரைக் குறை சொல்வது?

எந்தத் தீய பழக்கமும் இல்லாதவர்களுக்கும் புற்றுநோய் வருகிறது. 5 முதல் 10 விழுக்காடு புற்றுநோய்கள் பெற்றோர்வழி வரும் மரபணு மாற்றங்களால் நேர்பவை. முதுமை, காற்று மாசு, பணியிட நச்சுப் பொருள்கள், செல்கள் பிரியும்போது தற்செயலாக நிகழும் பிழைகள் ஆகியவையும் காரணங்களே. மக்கள்தொகைக் கணக்கு ஓர் ஊரின் போக்கைச் சொல்லும். ஒரு தனிநபருக்கு நோய் ஏன் வந்தது என்பதைச் சொல்லாது. நோயாளியிடம் 'நீ செய்த வினை' என்று கூறுவதற்கு அறிவியலில் இடமில்லை.

பழக்கங்கள் தனிநபரின் விருப்பத்தால் மட்டும் அமைவதும் இல்லை. 1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் பிரிட்டனில் புகைபிடித்தலையும் நுரையீரல் புற்றுநோயையும் தொடர்புபடுத்தினர். 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை அதை உறுதிசெய்தது. வரி, எச்சரிக்கை, விளம்பரத் தடை எனப் பல பத்தாண்டு நடவடிக்கைகளுக்குப் பின்னரே, 1991-இல் உச்சத்தில் இருந்த அமெரிக்கப் புற்றுநோய் இறப்பு விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த பொது இடப் புகைத்தடை, 2012 முதல் மாநிலங்கள் பிறப்பித்த குட்கா தடை, 2016-இல் 85 விழுக்காடாக விரிவாக்கப்பட்ட படஎச்சரிக்கை ஆகியவை அத்திசையில் எடுத்துவைத்த அடிகள். 2009-10-இல் 34.6 விழுக்காடாக இருந்த புகையிலைப் பயன்பாடு 2016-17-இல் 28.6 ஆகக் குறைந்தது.

வாசகர்கள் கவனிக்க வேண்டியவை

- புகையிலையை எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு. பிரிட்டன் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், 30 வயதில் விட்டவர்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளையும், 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டையும் மீட்டனர். விட விரும்புவோருக்கு மத்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800-11-2356.

- மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் வலியில்லாத கட்டி, காம்பில் இரத்தக் கசிவு, மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்கு, தொடரும் குரல் கரகரப்பு, மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

- 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியே வழங்கப்படுகிறது. அறிகுறி ஏதும் இல்லாதபோது செய்வதே பரிசோதனை.

- தாய், சகோதரி, மகள் ஆகியோருள் எவருக்கேனும் மார்பக அல்லது சூலகப் புற்றுநோய் இருந்தால், எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது.

இன்று பள்ளிப் பருவத்தில் உள்ளவர்களின் பழக்கம் 20 முதல் 30 ஆண்டுகளுக்குப் பின்னரே பதிவகங்களின் ஏடுகளில் தெரியவரும். ஹைதராபாத்தில் பதிவான 48 என்ற எண் கடந்த தலைமுறையின் வாழ்க்கை முறையைக் காட்டுகிறது. அடுத்த தலைமுறையில் அது எவ்வளவாக இருக்கும் என்பது இப்போது எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது.